கப்பல் மாத்திரை

என் நாத்தனார் அகிலா ஒரு நாள் என் சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அகிலாவைத் தெரிந்திருந்தால் இருக்காது. அவள் என் கணவர் பாலகுமாரின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்தத் தீவில், ஹட் பேயில், எங்களோடு இருக்கிறாள். பஜாரில் தையல் கடை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து புளி ஜாஸ்தி, உப்பு கம்மி, பருப்பு வேகவில்லை என்று ஏதாவது சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கியதில்லை. நானும் சளைத்தவள் இல்லை. அவள் தைத்த ரவிக்கையில் கையைத் தூக்க முடியவில்லை என்று கடை வாசலிலேயே நின்று சத்தம் போடுவேன். எங்கள் தெருப் பெங்காலிக்காரர்கள் தமிழ் கற்றுக்கொண்டதே எங்கள் சண்டையைக் கேட்டுத்தான்.

அப்படிப்பட்டவள் வாயை மூடினாள். கொஞ்ச நாளில் கடையையும் மூடினாள். ராத்திரி தூக்கமில்லை, பகலில் எழுந்திருப்பதில்லை. தலை வாரிவிடக் கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "எதுக்கு மதினி என்னைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? நான் இல்லாட்டி உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று ஒரு நாள் சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த கப்பலில் அவளைப் போர்ட் பிளேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மனநல டாக்டர் ஷோபனா. கோயம்புத்தூர்க்காரர். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி அதிக நாள் ஆகவில்லை. சின்ன வயசுதான், ஆனால் அவசரப்படாதவர். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அகிலாவிடம் நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அகிலாவோ அந்தக் கேள்விக்குத்தான் பல நாள் கழித்து வாயைத் திறந்து ஒழுங்காகப் பதில் சொன்னாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல இருந்தது.

"இது மனச்சோர்வுங்க. இதுக்கு மருந்து இருக்குது" என்றார் டாக்டர். "ஆனா எது யாருக்கு ஒத்துக்கும்னு முன்னாடியே சொல்ல முடியாதுங்க. ஒண்ணு குடுத்துப் பார்ப்போம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்தக் கூடாது. அந்த மாதிரி எண்ணம் அதிகமாச்சுன்னா அன்னிக்கே எனக்குப் போன் பண்ணணும்."

முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் குமட்டல். அது அடங்கிய பிறகும் தூக்கம் வரவில்லை, சிரிப்பு வரவில்லை. டாக்டர் போனில் விசாரித்தார், அளவைக் கூட்டினார், பொறுத்துப் பார்த்தார். அகிலா காய்ந்த வாழைமட்டை மாதிரி ஆகிவிட்டாள். பிறகு டாக்டர் அதை மெல்லக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். ராத்திரி படுக்கும்போது போட வேண்டியது, தூக்கத்தையும் பசியையும் கொண்டுவரும் என்றார்.

கொண்டுவந்தது! முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் பசி. ஒரு மத்தியானம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மதினி, இது ரசமா வெந்நியா?" என்று கேட்டாள். என் கணவருக்குச் சோறு புரையேறிவிட்டது. நான் அடுக்களைக்குள் ஓடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். அந்த மாதமே தையல் கடை திறந்தது.

இவ்வளவு நல்லது நடந்ததை டாக்டர் பார்க்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவ்வப்போது வரச் சொல்லியிருந்தார். காலையில் ஹட் பே ஜெட்டியில் கப்பல் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, நேரே மாலை கிளினிக்குக்குப் போவோம். வீட்டில் என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த அகிலா அங்கே மண்மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பாள். கண் சொருகும். எதைக் கேட்டாலும் "ம்". டாக்டர் மேல் பயம் போல என்று நான் நினைத்தேன். போனிலும் அவள் பேசியதில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது என் அடுக்களை ஜன்னலில் மட்டும், அதனால் டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் நான்தான் பேசுவேன்.

முதல் தடவை, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். இரண்டாவது தடவையும் அதே "ம்"தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றேன்.

"தூக்கம் ரொம்ப இருக்குது, பேச்சு இல்ல. இந்த மருந்தும் சரியா வரலைன்னு நினைக்கறேங்க. மாத்திடலாம்."

மாற்றுவது என்றால் மறுபடி குறைப்பது, மறுபடி காத்திருப்பது, மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம். திரும்பி வந்தவளை மறுபடி தொலைக்க என்னால் முடியாது. "டாக்டர், இவ வீட்டுல இப்படி இல்ல. என்னைப் பேசவே விட மாட்டேங்குறா. நேத்துக்கூடச் சண்டை போட்டா!"

"வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதாங்க சொல்றாங்க. மருந்தை நிறுத்திடலாங்கற ஆசை."

"நான் நிறுத்தச் சொல்றேனா? இதையே குடுங்கன்னு உங்க கால்ல விழறேன்!" என் குரல் வெளி அறை வரை கேட்டிருக்கும். அகிலா கண்ணைத் திறந்து, "ம்" என்றாள். இவளைத் தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்று தோன்றியது.

டாக்டர் கோபப்படவில்லை. தைராய்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், ரிசல்ட் வந்ததும் நாளைக் காலையில் முடிவு செய்யலாம் என்றார். ராத்திரி தங்க, எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் என் சித்தி ஒச்சம்மா வீட்டுக்குப் போனோம். அகிலா படுத்தவுடன் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் மனசு ஆறாமல் சித்தி வீட்டில் நானே இட்லியும் சாம்பாரும் வைத்தேன். அகிலா எழுந்து வந்து நன்றாகவே சாப்பிட்டாள். போர்ட் பிளேர் பக்கத்துச் சாத்தம் ஜெட்டிக்குத் திரும்பும் ஃபெரியில் காற்று முகத்தில் அடிக்க, அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மதினி, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? உங்க சாம்பாரை நீங்களே சாப்பிட்டுட்டீங்களா?"

"வாயாடி! இதை நேத்து அந்த டாக்டர்கிட்டப் பேசினா என்னடி?"

"நேத்தா? நேத்து எனக்கு ஒண்ணுமே சரியா ஞாபகம் இல்லையே" என்றாள். "சரி, சலோ சலோ, ஜெட்டி வந்துருச்சு."

கிளினிக் கதவைத் திறந்ததும் அகிலா எனக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள், "டாக்டரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தச் சுடிதாரை யாரு தச்சது? தோளு இழுக்குது பாருங்க. துணி நல்ல துணி, தச்சவன்தான் மோசம்" என்றாள்.

டாக்டர் தன் தோளைப் பார்த்தார். அகிலாவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நேத்து வந்தது யாருங்க?"

"இவதான்!" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு எப்படி வந்தீங்க?"

"பாம்பூஃப்ளாட்லருந்து ஃபெரில."

"நேத்து?"

"ஹட் பேலருந்து கப்பல்ல."

"எப்பவும் கப்பல்லதான் வருவீங்களா? கடல்ல வாந்தி வராதா?"

"எனக்குக் கடலே ஆகாது டாக்டரம்மா. அதுக்குத்தான் ஏறும்போது ஒரு மாத்திரை, அலை ஜாஸ்தியா இருந்தா நடுவழியில இன்னொண்ணு" என்றாள் அகிலா, சர்வசாதாரணமாக.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வேற மருந்து ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே!"

"அது மருந்தா?" என்றேன். நான் உண்மையாகத்தான் கேட்டேன். ஜெட்டிக் கடையில் டீ குடித்துவிட்டு, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, கூடவே வாங்குவது அது. கப்பல் ஏறும் பாதிப் பேர் வாயில் அது இருக்கும். யாராவது அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? "அது கப்பல் மாத்திரை டாக்டர்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அது நல்லாத் தூக்கத்தைக் குடுக்குங்க. இவங்க ராத்திரி மாத்திரையோட சேர்ந்தா இன்னும் ஜாஸ்தி. நான் இவ்வளவு நாளா அந்தத் தூக்கத்தைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கேன். அதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க." தைராய்டும் சரியாக இருந்தது. பிறகு அவர் அகிலாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். தூக்கம், பசி, அழுகை, அந்தப் பழைய எண்ணம், எல்லாம் கேட்டாராம். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அவர்கள் சிரிப்பு இரண்டு தடவை கேட்டது.

என்னை உள்ளே கூப்பிட்டு, "மருந்தை மாத்தலைங்க. இதே தொடரட்டும்" என்றார். "நல்லாயிட்டோம்னு நிறுத்திடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் போடணும். எடை கூடுது, அதை மட்டும் கவனிக்கணும்."

"மதினி சமையலுக்கு எடை கூடுறதே அதிசயம்தான்" என்றாள் அகிலா.

"அந்தக் கப்பல் மாத்திரை இனி வேண்டாங்க. கப்பல்ல நடுப்பக்கமா உக்காருங்க, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு ஏறாதீங்க. அடிக்கடி வரவும் வேண்டாம், போன்ல பார்த்துக்கலாம்." டாக்டர் என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா பேச வேண்டியது அவங்க. நீங்க இல்ல." நான் பலமாகத் தலையாட்டினேன். அவர் நீட்டிய அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கப்பல். காலையில் சித்தி வீட்டில் மறுபடி என் கையால் சாம்பார் சாதம். வயிறு முட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அகிலா கேட்டால்தானே. துறைமுகத்தைத் தாண்டியதும் கடல் ஆட ஆரம்பித்தது. மாத்திரை இல்லை. நடுவில்தான் உட்கார்ந்திருந்தோம், இஞ்சி மிட்டாயும் வாயில் இருந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. அகிலா என் கையிலிருந்த வாந்திப் பையைப் பிடுங்கி முகத்தை உள்ளே விட்டாள்.

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எதிர் சீட்டு அம்மாள் என்னை முறைத்தாள். முறைக்காமல் என்ன செய்வாள், கூட வந்தவள் குடலைப் பிடுங்கிக்கொண்டிருக்க, நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண் சொருகவில்லை, "ம்" போடவில்லை. என் அகிலா முழுசாக விழித்திருந்தாள்.

பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மதினி... காலையில வச்ச சாம்பார்ல... புளி ஜாஸ்தி."

"சரிடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்துக் கொடுத்தேன்.