மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டு

அந்தப் பிளகினை நீக்க ஒரு கணினிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. புரோகிராம் பட்டியலைத் திறந்தார், பெயரைத் தேடினார், நீக்கினார். பிரவுசருக்குள் போய் அங்கே மிச்சம் மீதி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்தார். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டார். பின்னால் நின்றுகொண்டிருந்த ஸ்கேன் சென்டர் முதலாளி, "இவ்வளவுதானா?" என்றார். அவர் அடுத்த கணினிக்கு நகர்ந்தார்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இவருக்குச் சென்டரில் 'ரீஸ்டார்ட்' என்று பட்டப்பெயர். எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் "ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்பார். பாதி நாள் அதிலேயே சரியாகிவிடும். கெட்ட மனிதர் இல்லை. திட்டு வாங்கப் பயப்படுகிற மனிதர். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், ஆனால் எல்லோர் பயத்துக்கும் இவ்வளவு பேர் சேர்ந்து அழ வேண்டியிருப்பதில்லை.

ஸ்கேன் படங்கள் அங்கே பிரவுசரில்தான் திறக்கும். அதற்குப் பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். அதுதான் அந்தப் பிளகின். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கை கழுவிவிட்டது. அதில் இருந்த ஓட்டைகள் திருடர்களுக்கெல்லாம் மனப்பாடம், அடைக்கத்தான் ஆள் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ரீஸ்டார்ட் நல்ல பிள்ளையாகப் பிரவுசரைப் புதுப்பித்தார். புதிய பிரவுசர் பிளகினை உள்ளேயே விடவில்லை, ஒரு படமும் திறக்கவில்லை. காத்திருந்த நோயாளிகள் முன்னாலேயே முதலாளி அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்று மத்தியானமே பழைய பிரவுசரைத் திரும்பப் போட்டு, ரிசப்ஷன் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார்: 'அப்டேட் கேட்டால் பிறகு என்று அழுத்தவும். மறக்க வேண்டாம்.'

ஆறு மாதம் முன்பு அந்த ரிசப்ஷன் நாற்காலிக்கு வந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. இரண்டு வருஷம் வேலை தேடிச் சலித்து, அக்கா வீட்டு முன்னறையில் முடங்கிக் கிடந்தவளை அவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். சீட்டில் இருந்ததைத் தினமும் அப்படியே செய்தாள்.

போன வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு படத்தைத் திறக்கப் பார்த்தாள், திறக்கவில்லை. எதுவுமே திறக்கவில்லை. ஒன்பது வருஷத்துப் படங்களையும் யாரோ எங்கிருந்தோ இணையம் வழியாகப் புகுந்து பூட்டிவிட்டிருந்தார்கள். நகல் எடுத்து வைத்த டிஸ்க்கும் அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று. கட்டி வளர்ந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்த ஒரு அம்மாள், மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கே விசாரிக்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார். சில மணி நேரத்திலேயே வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பழைய பிளகின் வழியா வந்திருக்காங்க. அதுக்கு எதையும் டவுன்லோட் பண்ணக்கூட வேண்டாம், ஒரு மோசமான பக்கம் திறந்தாலே போதும். இந்தக் கணினி தினமும் எச்சரிச்சிருக்கு. தினமும் யாரோ பிறகு பிறகுன்னு அழுத்தியிருக்காங்க. யாரும்மா அது?"

"நான்தான் சார்," என்றாள்.

"அப்படிச் செய்யச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

ரீஸ்டார்ட் சட்டென்று திரும்பினார். மானிட்டர் ஓரத்தைப் பார்த்தார். சீட்டு இல்லை, பசைத் தடம் மட்டும் இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதற்காகவே அவரை நாலு அறை அறையலாம். அவள் அவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவர் திறக்கவில்லை.

"யாரும் சொல்லல சார். வேலை அவசரத்துல நான்தான் கவனிக்கல."

முதலாளி அவளை அப்போதே வேலையை விட்டு அனுப்பினார். மற்ற மூன்று கணினிகளிலும் பிளகினை உடனே எடுக்கச் சொன்ன விசாரணைக்காரர், கிளம்பும்போது ரீஸ்டார்ட்டிடம் சொன்னார்: "ஸ்கேன் மெஷினோட ஒரு டிஸ்க் வந்திருக்குமே, அதுலயே படம் பார்க்கத் தனிப் புரோகிராம் இருக்கு. இந்தப் பிளகின் உங்களுக்குத் தேவையே இருந்திருக்காது." அந்த டிஸ்க் உறைகூடப் பிரிக்காமல் ரீஸ்டார்ட்டின் டிராயரில் கிடந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி தங்கையைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நம்பிச் சேர்த்துவிட்ட மனுஷன் மூஞ்சியில கரியைப் பூசிட்டியேடி! ஒரு எழுத்தைப் படிச்சுப் பார்த்து அழுத்த முடியாதா? உனக்கெல்லாம் எவன் வேலை கொடுப்பான்? இங்க இருந்து இன்னும் யார் மானத்தை வாங்கப் போற?"

தங்கை தட்டுகளை எடுத்து வைத்தாள். ரீஸ்டார்ட் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்புகூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மனைவி உள்ளே போனதும் தங்கை நாலாக மடித்த சீட்டை அவர் பக்கத்தில் வைத்தாள். "காலையிலயே எடுத்துட்டேன் அத்தான். உங்க வேலையும் போயிட்டா அக்கா என்ன பண்ணுவா? கிழிச்சுப் போட்டுடுங்க."

அவர் கிழிக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடிந்ததும் அவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். வெள்ளியும் போயிற்று, சனியும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க உட்கார்ந்த மனைவி, வழக்கம்போல் சட்டைப் பைகளைத் துழாவினாள். ஒன்றிலிருந்து அந்தச் சீட்டு வந்தது. வீட்டுச் செலவுக் குறிப்பிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம்வரை அவள் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கையெழுத்து. ஈரக் கையோடு இரண்டு தடவை படித்தாள். மையெல்லாம் கரைந்தது.

சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் போடவில்லை. எதிரே வந்து நின்றாள். காலில் தங்கை வாங்கிக் கொடுத்த செருப்பு.

"அன்னிக்கு அவளை நான் என்னவெல்லாம் கேட்டேன்," என்றாள். "நீங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."