எட்டில் செவ்வாய், டாஸில் ஒன்பது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்தது. காரிமங்கலத்திலிருந்து வந்த ஒருவருடைய மகனுக்கு ஜாதகம் அடித்துக்கொண்டிருந்தேன். ராகு வரைக்கும் ஒழுங்காக வந்தது. கேது வருவதற்குள் கரண்ட் ஒரு குதி குதித்தது, பொட்டியிலிருந்து புகை கிளம்பியது. வந்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பையனுக்கு ஏதாச்சும் ஆவுதுங்களா?” என்று கேட்டார்.

“பையனுக்கு ஒண்ணும் இல்லீங்க, எங்களுக்குத்தான் ஆயிப்போச்சு” என்றேன். அப்பா என்னை முறைத்தார்.

அப்பா பெயர் தீர்த்தகிரி. கவர்மெண்ட் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன், கீபோர்டு மாதிரி இருந்த ஒரு பொட்டியையும் ஒரு பிரிண்டரையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். அது 1986. தருமபுரியில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். அப்பா அதை டி.வி.யில் மாட்டி, வாசலில் ‘காவேரி கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்’ என்று போர்டு வைத்துவிட்டார். போர்டில் என் பெயர், உள்ளே என் உழைப்பு, ஊரில் பெருமை மட்டும் அவருக்கு. நான் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். ஒரு புத்தகத்தைப் பார்த்துப் புரோகிராம் எழுதியதும் நான்தான், கேசட்டில் பதிந்து வைத்த அதைத் தினமும் காலையில் டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டுக் காது கிழியக் கிழியப் பொட்டிக்குள் ஏற்றியதும் நான்தான்.

ஜாதகம் இங்கிலீஷில் வரும். ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. ஆனாலும் பேப்பரின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை இருக்கும் பாருங்கள், அதை மட்டும் கிழிக்க விடமாட்டார்கள். ஓட்டை இருந்தால்தான் கம்ப்யூட்டர் ஜாதகமாம். ஓட்டைக்கு மஞ்சள் தடவி வாங்கிப் போவார்கள்.

அந்தப் பொட்டியில் முதன்முதலில் போட்ட ஜாதகம் என்னுடையது. அதற்கு முன்னால் எங்கள் சனத்தில் ஜாதகமாவது மண்ணாங்கட்டியாவது! மாரியம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேறு இடம். அவ்வளவுதான் விஷயம். நான் தட்டிய ஜாதகத்தில் எனக்குக் கடக லக்னம், எட்டாம் வீட்டில் செவ்வாய் என்று வந்தது. கட்டிக்கிறவனை முழுங்கிவிடுவேனாம். நான்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து, மிக்ஸரைத் தின்று, பேப்பரைப் பார்த்து, ஓட்டமாக ஓடினார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது வசதியாக இருந்தது. வந்த நான்கு பேரும் கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக்கூடாது என்று சொன்னவர்கள். எனக்கு வேலைக்குப் போக வேண்டும். ஜாதக வேலை இல்லை, நிஜ வேலை. செவ்வாய் எட்டில் உட்கார்ந்து எனக்காக வாசலில் காவல் காத்தது. அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடுதான் இருந்தேன்.

அப்பா போன் போட்டதில், புகை வந்த மறுநாளே ஓசூரிலிருந்து நஞ்சப்பன் வந்தார். கம்ப்யூட்டர் விற்கிறவர். வாய் மூடாது. மெட்டடார் வேனில் இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து, “ரெண்டையும் திங்கக்கிழமை வரைக்கும் வூட்டுலயே வெச்சு ஓட்டிப் பாருங்க சார். புடிச்சத வெச்சுக்கங்க, இன்னொண்ண நான் தூக்கிட்டுப் போறேன்” என்றார்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அதுவரை சுவிட்சைத் தொடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார். நஞ்சப்பன் இரண்டு டம்ளர் காபி குடித்து முடித்தார். அப்பா சும்மா இருப்பாரா? மெஷின்களை முதன்முதலில் எந்த நாளில், எத்தனை மணிக்கு ஓடவிட்டார்கள் என்று கேட்டார், எனக்கும் மெஷினுக்கும் பொருத்தம் பார்ப்பதற்காம்!

“சார், அதுக்கெல்லாம் பர்த் சர்டிபிகேட் குடுக்கறதில்லீங்க” என்றார் நஞ்சப்பன்.

“அப்பா, மனுசனே நாலு பேரு வந்து ஓடிட்டான். இதுங்களாவது நிக்கட்டும் வுடுங்க” என்றேன். அம்மா மாதம்மாள் சமையல்கட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை ‘ணங்’ என்று வைத்தாள். என் கல்யாணத்தைக் கேலி செய்தால் அம்மாவுக்குப் பொறுக்காது.

பத்தரைக்கு நஞ்சப்பன் விளக்கினார். முதல் மெஷின் செகண்ட் ஹேண்ட், சி.பி.எம். என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டது. என் பழைய புரோகிராமை அதில் கொஞ்சம் மாற்றித் தட்டினால் ஓடும். இரண்டாவது புதுசு, டாஸ் போட்டது. அதற்கு ஒரு பிளாப்பியில் ரெடிமேட் ஜாதகப் புரோகிராமும் உண்டு.

“ஆபரேட்டிங் சிஸ்டம்னா என்னாங்க? மெசின் வாங்கறது நாங்க. நடுவுல அவன் எதுக்கு?” என்றார் அப்பா.

“உங்க ஆபீசுல ஆபீசர் இருந்தாரு, ஜனங்க இருந்தாங்க. நடுவுல நீங்க எதுக்கு இருந்தீங்க?” என்றேன். “நீங்க கை வெக்காம ஒரு பைல் நவுருமா? அந்த மாதிரிதான்.”

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

நஞ்சப்பன் கிளம்பும்போது என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். “டாஸ் கத்துக்கம்மா. இனிமே எல்லாக் கம்பெனிலயும் அதுதான். எங்க கடையில மெசின் வாங்கறவங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. நீ வரேன்னா இப்பவே வேலை. என் தங்கச்சி வூட்டு மாடியில ரூம் இருக்குது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எப்பாடு பட்டாவது டாஸ் மெஷினை வாங்க வைப்பது, இரண்டு மாதம் அதில் உருண்டு புரண்டு கற்றுக்கொள்வது, அப்புறம் ஓசூர் பஸ் ஏறுவது என்று.

மத்தியானம் பூராவும் உட்கார்ந்து பழைய புரோகிராமை முதல் மெஷினில் தட்டினேன். சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஜாதகம் ஒன்று வேண்டும். “நம்ம காவேரிதே போடுங்க” என்றாள் அம்மா. போட்டேன். கடக லக்னம், எட்டில் செவ்வாய். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். “கரெக்டா இருக்குது.”

அப்புறம் டாஸ் மெஷின். அது பெயர் கேட்டது, நாள் கேட்டது, நேரம் கேட்டது. பிறந்த ஊரையும் கேட்டது. தருமபுரி என்று தட்டினேன். பிரிண்டர் கறகறவென்று ஓடியது. மிதுன லக்னம். செவ்வாய் ஒன்பதில்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். “ஏனுங்க, ஒம்பதுன்னு இருக்குது! ஒம்பதுல இருந்தா தோசம் இல்லதான?” என்று கத்தினாள். அடுத்த நிமிடம் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டாள். “எம் பொண்ணுக்குத் தோசமே இல்ல! மூணு வருசமா என்ன வதைச்சுட்டயே தாயே!”

டாஸ் வந்தால் ஓசூர் கிடைக்கும் என்று நினைத்தேன். டாஸ் வந்தால் மாப்பிள்ளையும் அல்லவா வந்து நிற்பான்? ஒன்பதில் செவ்வாயோடு ஒரு பெண் இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் அம்மா பத்து நாளில் பந்தல் போட்டுவிடுவாள். சி.பி.எம்.மை வாங்கினால் தோஷம் பத்திரமாக இருக்கும், நானும் இதே ஹாலில் பத்திரமாகக் கிழவி ஆவேன். இப்படி ஒரு பொறி யாருக்கு வாய்க்கும்!

எங்கே பிசகு என்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை. என் புரோகிராமில் ஊர் கேட்கிற வரியே கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எழுதும்போது, எந்த ஊர்க் கணக்கைப் போடுவது என்று அப்பாவைக் கேட்டேன். “மெட்ராஸ் போடு. கவர்மெண்ட் அங்கதான இருக்குது” என்றார். முப்பத்திரண்டு வருடம் எல்லா உத்தரவும் மெட்ராஸிலிருந்து வாங்கிய மனிதர், கிரகங்களும் அங்கிருந்துதான் கிளம்பும் என்று நினைத்துவிட்டார். நானும் அப்படியே ஒரே எண்ணைப் போட்டு மூடிவிட்டேன். என் மேலும் தப்புதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

டாஸ் மெஷினில் மெட்ராஸ் என்று தட்டிக் காட்டினேன். செவ்வாய் சமர்த்தாக எட்டுக்கு வந்து உட்கார்ந்தது.

“மெட்ராசுக்கும் இங்கைக்கும் சூரியன் உதிக்கறதுல எட்டு நிமிசம் வித்தியாசம்பா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா லக்னம் மாறுது. மாறப்போற நேரத்துல பொறந்தவங்களுக்கெல்லாம் நாம தப்பாத்தான் போட்டிருக்கறோம். பதினஞ்சு பேருல ஒருத்தருக்கு.”

அப்பா கணக்கில் கெட்டி. வாங்கியவர்கள் அறுநூறு பேர். “நாப்பது பேரு” என்றார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. எழுந்துபோய் வாசலில் போர்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார். டாஸ் அடித்த பேப்பரை எடுத்து, ஓட்டைகளோடு சேர்த்து நான்காகக் கிழித்தார்.

“இந்த மெசின் வேணாம். அந்தப் பழைய சிஸ்டமே போதும்.”

அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றாள். “என்னங்க இது அநியாயம்? ஊரான் ஜாதகம் எப்படியோ போவட்டும். நம்ம பொண்ணுதயாவது மாத்துங்க.”

“இவளுக்கு மட்டும் மாத்துனா மத்தவன் சும்மா இருப்பானா? ஏரியூர்லருந்து கெளம்பி வந்து வூட்டுல கல்லெறிவான். பேரு போயிரும்டி.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் இல்லையா? தோஷம் பிழைத்துவிட்டது. மாப்பிள்ளைத் தொல்லை இல்லை. சந்தோஷம் வரவில்லை, அழுகை வந்தது. கல்யாணம் வேண்டாம் என்று நான் ஒதுங்கியது வேறு. என் அப்பாவே, தப்பு என்று தெரிந்தும், ஒரு போர்டுக்காக என்னைச் செவ்வாயிடம் தூக்கிக் கொடுத்தது வேறு. இது என் நெஞ்சை அறுத்தது.

“அப்பா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லுவேன். அத எம் வாயால சொல்லுவேன். உங்க மெசின் சொல்ல வேண்டாம்” என்றேன்.

“என்னாடி பேசற?”

“நான் ஓசூர் போறேன். டாஸ நீங்க வாங்க வேண்டாம். நானே அது இருக்கற எடத்துக்குப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, என் சேலைகளை அடுக்கினாள். “போ. தோசம் இல்லாத எடமாப் பாத்துப் போ” என்றாள். என்ன நினைத்துச் சொன்னாளோ, எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை காலையில் நஞ்சப்பன் வேனோடு வந்தார். டாஸ் மெஷினை ஏற்றினார், என் பெட்டியையும் ஏற்றினார், வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அப்பா வேன் ஜன்னல் பக்கம் வந்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். போகாதே கண்ணு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை இறங்கியிருப்பேனோ என்னமோ.

“அப்ப அந்த மெசின யாரு ஓட்டறது?” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். “எட்டுல செவ்வாய் இருக்கறவளாப் பாத்து வேலைக்கு வைங்கப்பா. கட்டிக்கிட்டுப் போவ எவனும் வரமாட்டான். காலம் பூரா இங்கயே கெடப்பா.”

நான் குத்திக்காட்டத்தான் சொன்னேன். அப்பா யோசித்தார். நிஜமாகவே, தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“ஏரியூர் மாதப்பன் பொண்ணு ஒண்ணு இருக்குது. எட்டுலதான் செவ்வாய். டைப்பிங் தெரியும். அழுதுக்கிட்டே வாங்கிட்டுப் போச்சு, ஞாவகம் இருக்குதா?”

ஞாபகம் இருந்தது. ராமக்காள். போன வருடம் நிச்சயம் வரை வந்து, நான் அடித்துக் கொடுத்த பேப்பரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

நஞ்சப்பனை ஒரு நிமிடம் இருக்கச் சொன்னேன். இறங்கி உள்ளே போய், ஜாதகம் வாங்கியவர்கள் விவரம் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டி, ராமக்காள் பிறந்த நாளையும் நேரத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அப்பா வாசலில் நின்று, “அது எதுக்கு இப்ப?” என்று கேட்டார். நான் வந்து வேனில் ஏறினேன்.

“ஓசூர் போனதும் மொத வேலையா இந்த மெசின மாட்டுங்க” என்றேன் நஞ்சப்பனிடம்.