கூடுதலாக ஒரு வரி

விடுப்பில் வந்த தம்பி தன் குண்டு துளைக்காத சட்டையை என் தையல் இயந்திரத்தின் மேல் போட்டு, விலாப்பக்கத் தகடுகள் செருகும் பைகளைப் பிரித்துவிடச் சொன்னான். இப்படிச் சட்டைகள் தைக்கும் பட்டறையில்தான் எனக்கு ஒன்பது வருட வேலை. பைகளை வைத்துத் தைப்பவளிடமே பிரிக்கச் சொல்கிறான்.

அவன் படைப்பிரிவுக்கு வண்டி கிடையாது, எல்லாம் கால்தான். மேட்டில் முதலில் ஏறுகிறவன் பிழைப்பான், நின்று மூச்சு வாங்குகிறவன் குறியாவான் என்றான். மார்புக்கும் முதுகுக்கும் தகடு இருந்தால் போதுமாம்.

"விலாவை யாருடா பாத்துக்குவா?"

"காலு பாத்துக்கும்க்கா. ஆமைக்குக்கூட ஓடு இருக்கு. யாரு வேணாலும் தூக்கிட்டுப் போறாங்க."

நான் மசியவில்லை. அப்போதுதான் ஒட்டடைக்குச்சி என்று அவர்கள் கூப்பிடும் கூட்டாளியைப் பற்றிச் சொன்னான். அவன் பிரிவில் எல்லோரையும்விட நெட்டையானவன். போன மாதம் கால்வாயைக் கடக்கும்போது தடுக்கி விழுந்திருக்கிறான். அவசர வாரை இழுத்தால் ஒற்றைத் தையல் பிய்ந்து சட்டை இரண்டாகக் கழன்றுவிட வேண்டும். கழலவில்லை. இரண்டு பேர் தண்ணீருக்குள் போய்க் கத்தியால் அறுத்து அவனை எடுத்திருக்கிறார்கள்.

"உங்க பட்டறைச் சட்டைதான். எந்தப் புண்ணியவானோ வார்ல ரெண்டு வரி தையல் ஓட்டியிருக்கான்."

அளவுத்தாளில் ஒரு வரி என்றுதான் இருக்கும். நான்கு வருடம் முன்பு இவன் படையில் சேர்ந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரிலும் நான் ஒரு வரி கூட்டி ஓட்டினேன். எந்தச் சட்டை இவனுக்குப் போகும் என்று தெரியாது. ஓடுகிற ஓட்டத்தில் வார் எதிலாவது சிக்கிச் சட்டை கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று. அந்த இரண்டாவது வரியை ஓட்டும்போது மட்டும் எனக்கு மனம் அடங்கும். யார் மனம் அடங்க யார் மூழ்கியது?

அவன் சட்டையின் வாரிலும் இரண்டு வரி. ஒன்றைப் பிரித்தேன்.

"நான் கேட்டது பையைக்கா."

"போட்டுக்கிட்டு வாரை இழு."

இழுத்தான். சட்டை இரண்டாகத் தரையில் விழுந்தது. பனியனோடு நின்றான், விலா எலும்பு தெரிய.

"அந்தப் புண்ணியவான் நாந்தான்டா."

அவன் சட்டையைத் தரையிலிருந்து எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தான். பிறகு, ஒட்டடைக்குச்சி நன்றாகத்தான் இருக்கிறான், வெளியே சொன்னால் என் வேலை போய்விடும் என்றான். வாரில் மறுபடி ஒரே ஒரு வரி ஓட்டி நூலைக் கத்தரித்தேன். அவன் கேட்டபடி விலாப் பைகளையும் பிரித்தேன்.

மறுநாள் இயந்திரத்தில் உட்காராமல் நேராக மேற்பார்வையாளர் மேசைக்குப் போய், நான்கு வருடமாக நான் தைத்து அனுப்பிய சட்டைகளின் எண்களைக் கேட்டேன். எதற்கு என்றார். திரும்ப வரவழைக்க என்றேன்.