கூனனுக்கு முதுகு காட்டியவன்

கூனனிடம் பேச்சிராஜா அன்று காலை நான்காவது முறையாகச் செத்தான்.

செத்ததும் டிவித் திரை சிவந்து, நடுவில் வாசிக்கத் தெரியாத நாலு எழுத்துகள் வந்து நின்றன. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த முத்துமாரி திரும்பிப் பார்க்கவில்லை. இரும்பு மடிந்து விழும் சத்தமும், அதன் பின்னால் கணவன் மூக்கால் விடும் மூச்சும் அவளுக்கு மனப்பாடம்.

கூனன் ஒரு ராட்சத இயந்திரம். ஏழு மாடி உயரம். முதுகில் பீரங்கியைச் சுமந்துகொண்டு குனிந்தே நடப்பான். அவனை எதிர்த்து நிற்கும் பேச்சிராஜாவின் இயந்திரத்துக்கு ராசாளி என்று பெயர். இருபது வருஷத்துக்கு முன்னால், ப்ளஸ் ஒன் படிக்கும்போது, அவனும் அவன் கூட்டாளி நியாஸ் அகமதுவும் வைத்த பெயர்கள் இவை. நியாஸின் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த விளையாட்டு அது. உள்ளே எல்லாமே ஜப்பான் எழுத்து. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று தடவித் தடவியே பதின்மூன்று கட்டங்களைத் தாண்டியிருந்தார்கள். பதினான்காவதில் கூனன் நின்றான். இன்றுவரை நிற்கிறான்.

ஊருக்கு வந்த மூன்றாவது வாரம், காலிப் பையைப் பரணில் வைக்க ஏறியவன் அந்தப் பழைய ப்ளேஸ்டேஷனோடு இறங்கினான். இரண்டு நாள் தூசி தட்டி, ஒயர் சுற்றி, அதற்கு உயிர் கொடுத்தான். முத்துமாரிக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதே என்று நினைத்தாள். இப்போது ஒரு மாதம் ஓடிவிட்டது. அவன் தோற்பதில் அவளுக்கு வருத்தமில்லை. தோற்ற மறுநிமிஷம் ஒரு வார்த்தை பேசாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷம். மூன்று லீவில் சேர்ந்து இருந்தது நூற்றுப் பதினெட்டு நாள். முத்துமாரி எண்ணி வைத்திருந்தாள். அவளுக்கு அவன் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, வேலை முடிந்து வந்து போனில் அப்படிப் பேசுவான். எந்தக் கட்டிடத்தில் எத்தனையாவது மாடி, எந்த அரபிக்காரர் வீட்டுப் பூனை ஏசிப் பெட்டிக்குள் குட்டி போட்டது, எல்லாம் வரும். கம்பெனியை மூடி அவனை அனுப்பிய பிறகு ஆள் முழுசாக வந்து சேர்ந்தான். அந்தக் குரலை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தான்.

கம்பெனி மூடியது ஊரில் நியாஸைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கு அவன் இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்தால் சங்கரன்கோவிலில் யாரும் முதலில் சுகம் விசாரிப்பதில்லை. "எப்பம் போற?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் தெருமுனை தாண்டுவதில்லை. அடுத்த ஞாயிறு கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. அதோடு இரண்டு மாதமும் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அன்று காலையும் பக்கத்து வீட்டு அன்னக்கிளி சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டிருந்தாள்.

"ஏட்டி முத்துமாரி, ஒங்க வீட்டுக்காரவ தபசு பாத்துட்டுத்தான போவாவ? போனதும் அந்த வாசன சோப்பு நாலு குடுத்துவிடச் சொல்லணும். மறந்திராத என்ன?"

"பாத்துட்டுத்தான்க்கா" என்று முத்துமாரி உலர்ந்த துணியையே மறுபடியும் உதறிக் கொடியில் போட்டாள்.

அன்னக்கிளியின் பிரிட்ஜ் இவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நின்றது. ஓட ஆரம்பித்தால் கடகடவென்று உதறும். அப்போதெல்லாம் பேச்சிராஜா விளையாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பான்.

"கம்ப்ரசருக்கு அடியில ரப்பர் தேஞ்சு போச்சு. பத்து நிமிச வேல" என்பான்.

"அப்பம் போயி மாத்திக் குடுங்களேன்."

"போனா கேப்பாவ."

அதோடு பேச்சு முடிந்துவிடும். ராசாளி மறுபடி எழுந்து நிற்கும்.

பதினொரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. நியாஸ். ராஜபாளையம் ரோட்டில் ஏசி, பிரிட்ஜ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். செருப்பைக் கழற்றும்போதே டிவியைப் பார்த்துவிட்டான்.

"ஏலே, இன்னுமா இவன்ட்ட சாவுத?"

"நீ மட்டும் கொன்னுட்டியாக்கும்."

"நான் ப்ளஸ் டூவோட ராஜினாமா பண்ணிட்டேம்லே. நீதான் இன்னும் பட்டாளத்துல இருக்க." பக்கத்தில் உட்கார்ந்து அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். "சரி, விஷயத்துக்கு வா. நாளைக்கு வேலைக்கு வாரியா இல்லையா? ராயகிரிப் பையன் ஒருத்தன் அந்த எடத்தக் கேட்டுத் தெனமும் போன் போடுதான். நாளைக்கு மேல அவன நிப்பாட்ட முடியாது பாத்துக்க."

பேச்சிராஜா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட வாசல்லயா நின்னு வேல பாக்கணும்?"

"பின்ன? கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டா ஏசி ரிப்பேர் பாப்பாக?"

"பாக்கலாம்."

முத்துமாரிக்கு உள்ளே ஏதோ பொசுங்கியது. ஐம்பத்து மூன்று நாளாக இந்தப் 'பாக்கலாம்'தான். டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கத்திவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தாள். நியாஸ் இருந்ததால் டம்ளரை மட்டும் சத்தமாக வைத்தாள்.

அப்போது திரையில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் எழுத்து ஓடியது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் முன் வருவது. ஒவ்வொரு முறையும் பேச்சிராஜா கட்டைவிரலால் தள்ளிவிடுவது.

"அதுல என்ன எழுதியிருக்கு?" கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். கூனனக் கொல்லுன்னு இருக்கும்."

"இருக்கும்னா?"

"வேற என்ன இருக்கப்போவுது?"

"தள்ளாதீங்க. நிறுத்துங்க."

முத்துமாரி சேலைக் கடையில் வேலை பார்க்கிறாள்; ஞாயிறு என்பதால் அன்று வீட்டில் இருந்தாள். போனில் வரும் ஆர்டர்களைப் பார்த்துக் கட்டி அனுப்புவது அவள் பொறுப்பு. ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அவரவர் எழுத்தில் விலாசம் வரும். போன் கேமராவைக் காட்டினால் அது தமிழாக்கிக் கொடுத்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்கிற காரியம். இத்தனை நாள் இந்தத் திரைக்கு நேராகப் போனை நீட்டத் தோன்றவேயில்லை.

இப்போது நீட்டினாள். மஞ்சள் எழுத்துகள் கொஞ்ச நேரம் புழுக்கள் மாதிரி நெளிந்தன. பிறகு அரைகுறைத் தமிழாக நின்றன. அவள் வாய்விட்டு வாசித்தாள்.

"பெரிய எதிரியோடு சண்டை வேண்டாம். அவனை வெல்லுதல் இயலாது. காயம் பட்ட நண்பரை எடுத்துக்கொண்டு வடக்கு வாசல் போ. உயிருடன் திரும்புதல் இந்தப் பணி."

நியாஸ் டீயைச் சிந்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"இருவது வருசம்லே! ஏ, இருவது வருசம்! காயம்பட்ட நண்பராம்! ஓரத்துல குப்புறக் கெடப்பானே குட்டையன், அவனச் சொல்லுதாம்லே. நாம அவன மறைவுக்கு வச்சுல்ல சுட்டோம்!"

பேச்சிராஜா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ வாசி" என்றான்.

அவள் வாசித்தாள். கடைசி வரியைத் தானாகவே இன்னொரு முறையும் வாசித்தாள்.

அவன் ஊர் வந்திறங்கிய அந்தக் காலை அவள் கண் முன்னால் வந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவன் கையில் ஒரு பை மட்டும். எப்போதும் கயிறு கட்டி, பெயர் எழுதி வரும் அட்டைப்பெட்டிகள் இல்லை. அன்னக்கிளி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "என்ன, திடீர்னு?" என்றாள். பேச்சிராஜா வாயைத் திறந்தான். ஏதோ சொல்லத்தான் திறந்தான். அதற்குள் முத்துமாரி முந்திக்கொண்டாள். "லீவுக்கா. ரெண்டு மாசம்."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பொய்யை அவன்தான் கொண்டு வந்தான் என்று இத்தனை நாளும் தனக்குள் எப்படிச் சாதித்தாள்? வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடக்கிறான் என்று கோபித்தாளே, முதலில் வெட்கப்பட்டது யார்? அவன் தன் வீட்டு வாசலில் நின்று, வந்துவிட்டேன் என்று சொல்ல இருந்த ஒரே நிமிஷத்தை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அவன் திருப்பிக் கேட்கவும் இல்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ஐம்பத்து மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறான்.

"ஏலே, தூக்குதது எந்தப் பொத்தான்?" நியாஸ் திரைக்கு அருகில் நகர்ந்திருந்தான்.

முக்கோணம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. ராசாளி குனிந்து குட்டையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது. பின்னால் கூனன் சுட்டான். சுட்ட மறுகணமே பேச்சிராஜாவின் விரல் ராசாளியைத் திருப்பிவிட்டது. திரை சிவந்தது.

"ஏன் திரும்புனிய?" என்றாள் முத்துமாரி.

"முதுகுல அடிக்கான்ட்டி."

"புறமுதுகு காட்டுதது தமிழனுக்கு அழகாலே?" என்று நியாஸ் நெஞ்சில் கைவைத்தான்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி." அவள் கணவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் வந்த நாளிலிருந்து அந்த டிவி முன்னால் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. "மூலையில வட்டமா ஒண்ணு தெரியுதுல்லா, அதுல செவப்புப் புள்ளிதான கூனன்? அவன் எங்கன வாரான்னு நான் பாத்துச் சொல்லுதேன். நீங்க முன்னால மட்டும் பாருங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு முன்னால் பார்த்தான்.

"வாரான்... எடது பக்கம் வாரான். போங்க, போங்க. சுடப்போறான், சுட்டுட்டான்... ஒண்ணும் ஆகல, நடங்க. திரும்பாதிய! ஐயோ திரும்பாதியன்னு சொல்லுதேம்லா!"

ராசாளியின் ஒரு கை கழன்று விழுந்தது. முதுகில் புகை வந்தது. அவன் கட்டைவிரல் திருப்பும் பொத்தான் வரை போய்த் திரும்ப வந்தது. அவன் திரும்பவில்லை. வடக்கே தூரத்தில் இருட்டாகத் தெரிந்த சுவர் ஒன்று பாதியாகப் பிளந்து, வெளிச்சமாக ஆனது. ராசாளி அதற்குள் தடுமாறிப் போய் முட்டிபோட்டு, தோளிலிருந்த குட்டையனை மெதுவாக இறக்கிவைத்தது.

திரை சிவக்கவில்லை. வெளுத்த நீலத்தில் ஒரு கடற்கரை வந்தது. இருபது வருஷத்தில் அவர்கள் பார்த்திராத இடம்.

"அல்லா!" என்றான் நியாஸ்.

சுவருக்கு அப்பால் பிரிட்ஜ் கடகடத்தது. கூடவே குரலும் வந்தது.

"ஏட்டி முத்துமாரி! சோப்பு நாலு போதாது, ஆறாச் சொல்லிரு. எப்பம் போறாவ, திங்களா செவ்வாயா?"

முத்துமாரி எழுந்தாள். வாசலுக்குப் போனாள். இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போகலக்கா. லீவுன்னு அன்னைக்கு நான்தான் சும்மா சொன்னேன். கம்பெனிய மூடிட்டாவ. இவுக வந்துட்டாவ. இனி இங்கனதான்."

உள்ளே டிவிச் சத்தம் நின்றது.

அன்னக்கிளி அவளையே பார்த்தாள். முத்துமாரி எதிர்பார்த்த பேச்செல்லாம் அந்த முகத்தில் வந்து வந்து போவது போலிருந்தது. கடைசியில் அன்னக்கிளி கேட்டது வேறு.

"அப்பம் சோப்பு?"

"அது நம்ம பஜார்லயே கிடைக்குக்கா."

"அந்த வாசன வராதேட்டி" என்று அன்னக்கிளி பெருமூச்சு விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதச் சொல்லவா இத்தன நாளு? எங்க வீட்டுக்காரரு பம்பாயிலேருந்து வேல போயி வந்தப்பம் நான் ஆறு மாசமா லீவுன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

முத்துமாரி சிரித்துவிட்டாள். பின்னால் கால் சத்தம் கேட்டது. பேச்சிராஜா வாசல்படியில் நின்றான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"யக்கா, ஒங்க பிரிட்ஜுக்கு அடியில ரப்பர் போயிட்டு. அந்தச் சத்தம் ரெண்டு மாசமா என்னத் தூங்க விடல."

"கேட்டுக்கிட்டேவா சும்மா இருந்திய? வந்து பாருங்க தம்பி, பாத்திரமெல்லாம் உருண்டு விழுது."

அவன் முத்துமாரியைப் பார்த்தான். அதே பார்வைதான், ஆட்டோவிலிருந்து இறங்கிய அன்று வாசலில் பார்த்தது. இந்த முறை அவள் முந்திக்கொள்ளவில்லை.

"வாரேங்க்கா" என்றான். உள்ளே திரும்பி, "ஏலே நியாஸ், ஸ்பேனர் வண்டியில கெடக்கா?"

"கெடக்கு! நாளைக்குக் கடையிலயும் அதையே வச்சிக்கோ! ஏ, பதினஞ்சாவது ஆரம்பிச்சிட்டுலே, மறுபடியும் மஞ்ச எழுத்து ஓடுது, என்ன செய்ய?"

"தள்ளிராத" என்றான் பேச்சிராஜா, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டே. "நான் வந்து, அவ வாசிச்ச பெறகுதான்."