சகுனத்துக்கு ஒரு கூடை அவரைக்காய்

வண்டி பூட்டியாகிவிட்டது. டிரங்குப் பெட்டி ஏறிவிட்டது, படுக்கைச் சுருள் ஏறிவிட்டது, ஒரு டின் நெய்யும் ஏறிவிட்டது. ஏற வேண்டிய பையன் மட்டும் வாசற்படியில் சப்பணம் கட்டி உட்கார்ந்துகொண்டான்.

“எந்திரி கண்ணு, நல்ல நேரம் தாண்டுது,” என்று செங்கோட்டையக் கவுண்டர் கெஞ்சினார். அதட்டியே பழகிய மனிதருக்குக் கெஞ்சுவது அவ்வளவாக வரவில்லை.

“அம்மாவப் பாக்காம போவ மாட்டனுங்க பெரியப்பா.”

நஞ்சுண்டனின் அம்மா மயிலாத்தாள் எங்கேயும் போய்விடவில்லை. அதே வீட்டில், சாமான் அறைக்குள்தான் இருந்தாள். வெளியே நாதாங்கி போட்டிருந்தது. போட்டவர் கவுண்டர். தம்பி மகன் முதன்முதலாகக் கோயமுத்தூர் காலேஜுக்குப் போகிறான்; அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சீலைக்காரி எதிரே வந்து தொலைத்தால் என்ன ஆவது? அதற்குப் பதிலாகப் பசுவையும் கன்றையும் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். பசு நின்ற இடத்தில் சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மாட்டுக்கு வாசல், பெற்றவளுக்கு நாதாங்கி! நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

“போயிட்டு வா சாமி,” என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. “நான் இங்கிருந்தே உன்னைப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

பார்க்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும். எழுந்து போய், அந்தக் கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியேறினான்.

சூலூருக்குக் கிழக்கே அந்த ஊரில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிற முதல் பிள்ளை அவன்தான். கவுண்டருக்குப் படிப்பின்மேல் அப்படி ஒன்றும் பக்தி கிடையாது. பங்காளியோடு ஒரு கிணற்றுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து செருப்பு தேய்ந்த மனிதர் அவர். வீட்டிலேயே ஒரு வக்கீல் முளைத்துவிட்டால் பிறகு பங்காளியின் கதி என்ன என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார். பையனின் தகப்பன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு நடை பழகும் வயது. அன்றைக்கு மயிலாத்தாளுக்குக் கட்டிவிட்ட வெள்ளைச் சீலை அவளோடு ஒட்டிக்கொண்டது. மகனுக்குக் காது குத்தியபோதும் அவள் பொடக்காளியில்தான், அதாவது வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் விளக்குகிற இடத்தில்தான் நின்றாள்.

பசுவின் சகுனம் காலேஜ் வரைக்கும் பலித்தது. வயிறு வரைக்கும் பலிக்கவில்லை. ஓட்டல் சாப்பாடு பையனுக்கு ஒத்துக்கொள்ளாமல், ஆடிக்குள் ஆள் பாதியாகிவிட்டான். கவுண்டர் ஓடி வந்து, காலேஜுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார். சமைத்துப் போட யார் போவது? “பட்டணத்துப் புகையில என்னால ஆவாதுங்க,” என்று அவர் பெண்சாதி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் மயிலாத்தாளைத்தான் அனுப்ப வேண்டியதாயிற்று.

“அவ ஆக்கற சோத்துல தோஷமில்ல,” என்று கவுண்டர் விளக்கம் சொன்னார். “மூஞ்சிதான் ஆவாது.”

ஆகாத மூஞ்சிக்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டில் தெய்வாத்தாள் என்று ஒருத்தி. புருஷனுக்கு மில்லில் வேலை. வீடு நிறையக் குழந்தைகள். குளிக்கும்போதுகூடக் கழுத்துத் தாலி மினுங்கும். காலையில் பையன் காலேஜுக்குக் கிளம்புகிற நேரம், தெருமுனைக் குழாயிலிருந்து நிறைகுடத்தோடு அவள் எதிரே வர வேண்டும். மயிலாத்தாள் அந்த நேரம் பின்கட்டைத் தாண்டக்கூடாது. இந்த உபகாரத்துக்காகத் தெய்வாத்தாளுக்கு ஊரிலிருந்து வாராவாரம் ஒரு கூடை அவரைக்காய் வரும்.

“அதுக்கென்னங்க, நின்னுபோட்டாப் போச்சு,” என்று தெய்வாத்தாள் கூடையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கவுண்டர் பஸ் ஏறிய மறுநாள் காலை, அவள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்து, காலைக் கட்டிக்கொண்ட இன்னொன்றை இழுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள்.

“ஏனுங்கக்கா, மில்லுச் சங்கு ஊதறதுக்குள்ள அவரு போசியில சோறு கட்டோணும். இதுக எல்லாத்துக்கும் மூக்குத் தொடைக்கோணும். உங்க பையன் போற நேரத்துல நான் எங்கீங்க போயி நிக்கறது? அவரைக்காயத் திருப்பிக் குடுத்துறலாம்னு பாத்தா, பொரியல் வெச்சுப்போட்டனுங்க.”

மயிலாத்தாள் முகத்தில் பல வருஷமாக வராத ஒரு குறும்பு வந்தது.

“கொடத்தைக் குடு அம்மணி. உனக்குத் தண்ணி நான் கொண்டாந்து ஊத்தறேன்.”

நஞ்சுண்டன் புத்தகங்களோடு படியிறங்கினான். தெருமுனையில், வெள்ளைச் சீலையும் நிறைகுடமுமாக, அவன் அம்மா எதிரே வந்துகொண்டிருந்தாள். பட்டப்பகலில், நடுத்தெருவில்! அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“பல்லைக் காட்டாம போ,” என்று அவள் அதட்டினாள். “அவரைக்காய் குடுத்து வாங்குன சகுனம். வீணாப் போவக்கூடாது.”

மகன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவதை அவள் நின்று பார்த்தாள். பிள்ளை ஓரிடத்துக்குக் கிளம்பிப் போவதை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்கவில்லை, குடம் தளும்பிச் சீலை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டில் ஒரு குமாஸ்தா. மயிலாத்தாளைக் கண்டதும் வீட்டுக்குள் திரும்பிப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அதனால் தினமும் ஆபீசுக்கு நேரம் கழித்துப் போய்த் துரையிடம் வசவு வாங்குவார். ‘பார்த்தாயா, அந்த மூஞ்சியின் பலன்!’ என்று பெண்சாதியிடம் வந்து அழுவார். இப்படிப்பட்ட புத்திசாலிகளால்தான் சகுனங்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன.

கார்த்திகையில் இடி விழுந்தது. காலேஜில் வைத்த முதல் பரீட்சையில் நஞ்சுண்டன் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் கோட்டை விட்டான். சங்கதி தெரிந்த அன்றே கவுண்டர் வந்து குதித்தார். முதல் விசாரணை தெய்வாத்தாளிடம்.

“நீ நின்னயா இல்லியா?”

“ஒரு நாளுந் தவறாம நின்னனுங்க,” என்று அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே புளுகினாள். 

கவுண்டர் மயிலாத்தாளின் பக்கம் திரும்பினார். “அப்ப உன்ற நெழல்தான் எங்கியோ பட்டிருக்குது. கேட்டுக்கோ. வருசக் கடைசிப் பரீட்சையிலயும் இவன் தோத்தான்னா, காலேஜுமில்ல ஒண்ணுமில்ல. நம்ம கெணத்துல மாட்டைப் பூட்டித் தண்ணிக் கவலை ஓட்ட வேண்டியதுதான். நீ மறுக்கா அந்தச் சாமான் ரூமுக்கே போயிரோணும்.”

அவர் போனபின் மயிலாத்தாள் அடுப்பைப் பற்றவைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். ஊரார் சொன்னபோதெல்லாம் மனசுக்குள் சிரித்தவளுக்கு இப்போது உதறலெடுத்தது. உண்மையாக இருந்துவிட்டால்? பெற்ற பிள்ளையின் வாழ்வை, ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, தானே குட்டிச்சுவராக்கியிருந்தால்? மறுநாள் காலை அவள் குழாயடிக்குப் போகவில்லை. பொடக்காளியில் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நஞ்சுண்டன் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான்.

“அம்மா, எந்திரி. கொடத்தை எடு.”

“வேண்டாங் கண்ணு. நீ போ. நான் பாவி.”

“நான் தோத்தது உன்ற மூஞ்சியால இல்லம்மா, என்ற இங்கிலீசால. வாத்தியாரு அத்தனையும் இங்கிலீசுல வெசையாச் சொல்லிப்போட்டுப் போறாரு. எல்லாருந் தலையாட்டறாங்க, நானும் ஆட்டறேன். ஒரு எழவும் வெளங்கல. வெக்கத்துல உங்கிட்டக்கூடச் சொல்லல. நீ எதுத்தாப்புல வராம நான் காலேஜுக்குப் போவ மாட்டேன்.”

அவன் அங்கேயே புத்தகத்தோடு சப்பணம் கட்டிவிட்டான். பெரியப்பாவிடம் செல்லாத பிடிவாதம் அம்மாவிடம் செல்லுபடியாயிற்று. அவள் மூக்கைச் சிந்திவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவளும் ஒரு பிடிவாதத்தை ஆரம்பித்தாள். அவன் அன்றைய பாடத்தைத் தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் சோறு. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, உம் கொட்டிக் கேட்பாள். கேட்டுவிட்டு, “வெளங்கல,” என்பாள். அவன் தனக்குத் தெரியாத சொல்லை அகராதியில் தேடி, புரியாததை மறுநாள் காலேஜில் வெட்கத்தை விட்டுக் கேட்டுவந்து, மறுபடி சொல்வான். சில பாடம் அவளுக்கு முதல் தடவையே விளங்கிவிடும். அப்போதும் கூசாமல், “வெளங்கல,” என்பாள். அரிசியும் பருப்பும் ஒன்றாய் வெந்து மணக்கும். பசியில் பையன் பாடத்தைத் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொண்டான்.

சித்திரையில் முடிவு வந்தது. நஞ்சுண்டன் எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தான்.

கவுண்டர் தரையில் நடக்கவில்லை. மறுநாள் கிணற்று வழக்கில் தீர்ப்பு. அதற்கு வந்தவர் அந்த வீட்டிலேயே தங்கினார். விடிந்ததும் ஒரு புதுச் சீலையும் பூவுமாகத் தெய்வாத்தாள் வாசலில் போய் நின்றார்.

“உன்ற மூஞ்சிதான் தாயி, எங்க பையனைக் கரையேத்திச்சு. இன்னிக்கு எனக்குந் தீர்ப்பு நாளு. நான் கெளம்பறப்போ நீ வந்து நிக்கோணும்.”

தெய்வாத்தாள் சீலையைப் பார்த்தாள். கரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். வழக்குத் தோற்றால் கவுண்டர் யாரைக் கேட்பார்?

“ஏனுங்க, பொய் சொல்லிப்போட்டனுங்க! நான் ஒரு நாளும் நின்னதில்லீங்க. அவரைக்காய் மட்டுந்தான் தின்னனுங்க. வருசம் பூரா எதுக்க நின்னது உங்க ஊட்டு அக்காதானுங்க!”

கவுண்டர் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. மெதுவாகத் திரும்பினார். மயிலாத்தாள் வாசற்படியில் நின்றிருந்தாள். தலை குனியவில்லை.

“அப்ப... பையன் பாஸானது எப்படி?” என்று கேட்டார் கவுண்டர். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

“படிச்சனுங்க பெரியப்பா,” என்றான் நஞ்சுண்டன்.

அந்தப் பதில் கவுண்டரின் மண்டைக்குள் நுழைய இடம் தேடித் திண்டாடியது. கோர்ட்டு நேரமோ நெருங்கியது. அவர் வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு தெய்வாத்தாளைத் தலைவாரிப் பூ வைக்கச் சொல்லி, புதுச்சீலை கட்டவைத்து, நிறைகுடம் தூக்கவைத்து, மயிலாத்தாளைப் பின்கட்டுக்கு விரட்டிவிட்டு, சாஸ்திரம் ஒன்று குறையாமல் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். கிணறு பங்காளிக்குப் போய்விட்டது.

தம்பி மகனை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டு, தொண்டையைக் கனைத்தார்.

“மயிலாத்தா, மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போடறேன். அன்னிக்கு...” குரலைத் தணித்தார். “அன்னிக்கு நீ சித்தெ நின்னீன்னாத் தேவலை. முன்வாசல்ல வேண்டாம். நாலு பேரு பாப்பாங்க. பொடக்காளிப் பக்கமா, விடியறதுக்கு முன்னால, ஆருங் காணாம நில்லு. நான் அப்படி வந்து பாத்துப்போட்டுப் போயிடறேன்.”

மயிலாத்தாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏனுங்க மாமா, என்ற மூஞ்சிக்கு அத்தனை சத்து இருந்திருந்தா, உங்க தம்பியச் சாவ உட்டிருப்பனுங்களா?”

கவுண்டர் காலி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார்.

குழாயில் தண்ணீர் வருகிற நேரம். மயிலாத்தாள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைக் கடந்து, முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.