பெட்டிக்குள் ஐந்தாவது வரி

ஆபீஸில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். வெப்சைட் பக்கங்களை வடிவமைப்பது அவன் வேலை. ஓர் எழுத்து மயிரிழை நகர்ந்திருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. அந்தப் பாழாய்ப்போன குணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட்டால் இவன் பாடு சுலபமாகிவிடும். நான் அப்படி விட்டுவிடப் போவதில்லை.

ஊருக்குள்ளேயே இருந்த ரசாயன ஆலைக்காக அவன் செய்த பக்கம் அது. வாயு கசிந்தால் அக்கம்பக்கத்தார் என்ன செய்ய வேண்டும் என்று ஐந்து வரிகள். ஆலைக்காரர்கள் பாதிப் பக்கத்தைத் தங்கள் கட்டடத்தின் படத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். மிச்ச இடத்தில் ஐந்து வரியும் அடங்கவில்லை. ஒரு பெட்டி போட்டான். பெட்டிக்குள் விரலை வைத்து மேலே தள்ளினால் மீதி வரும். மீதி இருக்கிறது என்று காட்ட ஓரத்தில் ஒரு சாம்பல் நிற ஸ்க்ரோல் பட்டை.

"அந்தப் பட்டை கண்ணை உறுத்துதுப்பா, எடுத்துடு" என்றார் மேனேஜர். எடுத்துவிட்டான்.

பட்டை போன பிறகும் ஐந்தாவது வரியின் தலை மட்டும் பெட்டியின் அடியில் பாதி வெட்டுப்பட்டு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்தால் கீழே இன்னும் ஏதோ இருக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதை எடு என்று மேனேஜர் சொல்லவே இல்லை. இவனுக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்டியின் உயரத்தைக் குறைத்து, நான்காவது வரி முடிகிற இடத்தில் கச்சிதமாக நிறுத்தினான். லட்சணமாகத்தான் இருந்தது. அன்றைக்கே அக்காவுக்கு அந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பி, "உங்க ஏரியாவுக்குத்தான்க்கா செஞ்சிருக்கேன், போன்ல வச்சுக்கோ" என்று பீற்றிக்கொண்டான்.

அக்கா வீடு ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் இருந்தது. கூடப்பிறந்தவள் என்று அவனுக்கு அவள் ஒருத்திதான். அவன் படிப்புக்கு முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தவர் அத்தான்.

ஒரு மதியம் ஆலையின் சங்கு விடாமல் ஊதியது. அக்கா போனை எடுத்துப் படித்தாள். கதவு ஜன்னல்களைச் சாத்தவும். மின்விசிறியை நிறுத்தவும். இடுக்குகளில் ஈரத்துணி அடைக்கவும். வெளியே ஓடாதீர்கள். நான்கையும் அப்படியே செய்தாள். பெட்டிக்குள் கண்ணில் படாமல் கிடந்த ஐந்தாவது இதுதான்: தரைத்தளத்தில் இருப்பவர்கள் உடனே உள்படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறவும், வாயு தரையோடு தங்கும்.

அத்தான் முதுகுவலிக்காரர். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்று வென்டிலேட்டருக்குத் துணி அடைத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். மாடி வீட்டுக்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து அவளை மேலே இழுத்துப்போனார். மறுபடி இறங்கி அத்தானைத் தூக்கியபோது அவர் உடம்பில் உயிர் இல்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அஞ்சு வரியையும் விரிச்சுப் போட்டுடு. யாராவது வந்து கேக்குறதுக்குள்ள."

அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துச் செய்து முடித்தான். செய்யவேண்டிய திருத்தம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். திருத்தம் வேண்டியதுதான், யார் இல்லை என்றது? அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வார்டுக்குள் போனான்.

அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. "சாப்பிட்டியாடா?" என்றாள் முதலில். பிறகு, "நீ போட்டிருந்த நாலையும் செஞ்சேன்டா. ஒண்ணு விடல. அப்புறம் ஏன்டா இப்படி ஆச்சு?"

"அக்கா, அந்தப் பேஜ்ல..." என்று தொடங்கினான்.

அதற்குள் அவள் தலையணைக்கு அடியிலிருந்த போனை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் நான்கோடு நிற்கவில்லை.

"அஞ்சு இருக்கே" என்றாள். "மாடிக்குப் போகச் சொல்லியிருக்கே. நான் இதைப் பார்க்கலியா?"

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பதட்டத்துல ஒரு வரியை விட்டுட்டேனா? படி நாலு எட்டுலதானே இருந்துச்சு. அவரை நானே கொன்னுட்டேனாடா?"

"இல்லக்கா" என்றான். பெட்டியைக் குறைத்ததைச் சொல்லிவிட்டால் இந்த முகம் இனி தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தான்.

"பதட்டத்துல யாருக்கும் அப்படி ஆகும்க்கா" என்றான்.

அக்கா தலையசைத்தாள்.

"நீ என்னடா பண்ணுவ, தெளிவாத்தான் போட்டிருக்க" என்று சொல்லி, ஊசி குத்தியிருந்த கையால் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.