பதினேழாவது ஆதாரம்

அஜிஷாவின் கட்டுரை துபாய் மாநாட்டுக்குத் தேர்வான செய்தியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று சுகிர்தராணி மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்.

இரண்டு பேரும் ஷார்ஜாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வார்டில் நர்ஸ்கள். இரண்டு பேருமே கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்தான். சுகிர்தராணிக்கு முப்பத்தொன்பது வயது. டிப்ளமோ படித்துவிட்டு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அஜிஷாவுக்கு இருபத்தேழு. பி.எஸ்சி. நர்சிங். வந்து இரண்டே வருஷம். இது நடந்தது 2005-இல்.

கட்டுரை, வெயில் தாக்கி வரும் கட்டடத் தொழிலாளிகளைப் பற்றியது. ஜூன் பிறந்துவிட்டால் சைட்டுகளிலிருந்து நினைவில்லாமல் கொண்டுவருவார்கள். உடம்புச் சூடு நாற்பத்தொரு டிகிரிக்கு மேல் இருக்கும். ஈரத்துணி போர்த்தி, பெரிய ஃபேனைத் திருப்பிவிட்டுச் சூட்டை இறக்க வேண்டும். ஒரு கோடை முழுக்க அப்படி இறக்கியதை அஜிஷா நிமிஷக் கணக்கில் குறித்துவைத்து எழுதியிருந்தாள். சுகிர்தராணியிடமிருந்து அவள் எதையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோபப்படுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். சுகிர்தராணியும் நாலு வருஷத்துக்கு முன்னால் இதே விஷயத்தை எழுத ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தோடு அது நின்றுபோனது.

வார்டில் எல்லோருக்கும் அஜிஷா ஒரு பிரதி கொடுத்தாள். சுகிர்தராணி குறை தேடித்தான் படித்தாள். எழுத்தில் குறை இல்லை. கணக்கு சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆதாரப் பட்டியல், மொத்தம் இருபத்து நாலு. இவ்வளவையும் இந்தப் பெண் உட்கார்ந்து படித்திருப்பாளா என்ற கேள்வி வந்ததும், அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஃப். ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். அங்கே நூஹு என்ற காயல்பட்டினத்துக்காரர் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக் கார்டைக் காட்டியதும், கேட்ட இதழ்களையெல்லாம் எடுத்து மேசையில் அடுக்கிவிட்டார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். முதல் பதினாறும் சரி. பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. அவளுக்கு அழுகை வரும்போல் ஆனது.

பதினேழாவது ஆதாரம் சொன்ன பக்கத்தில் வேறு கட்டுரை இருந்தது. நூஹு வருடாந்திர அட்டவணையைப் புரட்டி, தொகுதி எண் தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, சரியான தொகுதியைக் கொண்டுவந்தார். எண்பதுகளில் வந்த ஆய்வு அது. உடம்பு 38.9 டிகிரிக்கு இறங்கியதும் குளிரூட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அஜிஷா 37.9 என்று எழுதியிருந்தாள். பக்கத்து அலமாரியிலிருந்த ஒரு பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அதே தப்பான தொகுதி எண், அதே 37.9. அஜிஷா மூலத்தைப் பார்க்கவே இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே எடுத்து, மூலத்தைத் தானே படித்ததுபோல் பட்டியலில் போட்டிருந்தாள்.

சுகிர்தராணி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ரூமில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மாநாட்டில் யாராவது எழுந்து கேட்பார்கள். அஜிஷா மேடையில் திணறுவாள். தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதுவரை அவள் கற்பனை செய்து பார்த்தாள்.

அடுத்த வாரம் பயிற்சிப் பொறுப்பாளர் சேதுமாதவன், அஜிஷாவின் கட்டுரையிலிருந்து வார்டுக்கு ஒரு வழிமுறைத் தாள் தயாரித்தார். அது சுவரில் ஏறியது. 37.9-இல் நிறுத்தவும். கீழே அஜிஷாவின் பெயர். ஃபேனை நிறுத்திய பிறகும் உடம்பு இறங்கிக்கொண்டேதான் போகும் என்பது சுகிர்தராணிக்குத் தெரியும். தன் டூட்டியில் அவள் 39-ஐ ஒட்டியே நிறுத்திவிடுவாள். மற்றவர்கள் தாளைப் பார்த்துச் செய்வார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். மாநாட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலை முதல் வாரத்தில், மத்தியானம் இரண்டு மணி டூட்டிக்கு அவள் வந்தபோது மூன்றாம் கட்டிலில் சோலையப்பன் என்ற கம்பி கட்டும் தொழிலாளி படுத்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், முவைலா தொழிலாளர் கேம்பில் இருப்பவர். காலை டூட்டி நர்ஸ் தாளில் இருந்தபடியே 37.9 வரை ஃபேனை ஓடவிட்டு அப்போதுதான் நிறுத்தியிருந்தாள். அரை மணி நேரத்தில் சூடு முப்பத்தைந்துக்குப் போய்விட்டது. அவர் உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடியது.

“குளுருது சிஸ்டர்” என்றார். வெளியே வெயில் நாற்பத்தாறு டிகிரி.

சுகிர்தராணி ஈரத்துணியை உருவியெறிந்துவிட்டு மூன்று கம்பளி போர்த்தினாள். டாக்டரை அழைத்தாள். நாடித்துடிப்பு தாறுமாறாகி, பிறகு நிதானத்துக்கு வர நாலு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் அவர் கையை விடவில்லை. மற்றவர்கள் அதைக் கரிசனம் என்று நினைத்தார்கள்.

டூட்டி முடிந்ததும் சுவரிலிருந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போனாள். பெட்டியிலிருந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு அஜிஷாவின் ரூமுக்குப் போய் அவள் கையில் கொடுத்தாள். இன்றைக்குக் காலையில்தான் நூலகத்துக்குப் போனேன், தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொன்னாள். சோலையப்பனுக்கு நடந்ததையும் சொன்னாள்.

அஜிஷா ஜெராக்ஸை இரண்டு தடவை படித்தாள்.

“நான் இந்தக் கட்டுரையப் பாக்கவே இல்லக்கா. புக்குல இருந்தத அப்படியே எழுதுனேன். பாடப்புத்தகத்தயே திரும்பத் திரும்ப ஆதாரமாக் காட்டுனா ஒண்ணும் படிக்காதவ மாதிரி இருக்கும்னு நெனச்சேன்.”

மறுநாள் காலையில் அவளே சேதுமாதவனிடம் போய்ச் சொன்னாள். அவர் திருத்திய தாளை ஒட்டினார். கட்டுரையை வாபஸ் வாங்கிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். அஜிஷா சம்மதிக்கவில்லை.

மாநாட்டு மேடையில் அவள் முதலில் தன் தப்பைத்தான் சொன்னாள். படிக்காத கட்டுரையைப் படித்ததாகக் காட்டியதையும், அந்த ஒரு எண் பாடப்புத்தகத்திலிருந்து தன் கட்டுரைக்கும், கட்டுரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து ஒரு மனிதரின் உடம்புக்கும் போனதையும் சொன்னாள். பெயரை மறைத்து அவருடைய டெம்பரேச்சர் சார்ட்டைத் திரையில் காட்டினாள். மூலத்தைத் தேடிப்பிடித்துக் கொடுத்தவர் இவர்தான் என்று சுகிர்தராணியின் பெயரைச் சொல்லி, எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டாள். இருநூறு பேர் கைதட்டினார்கள்.

சுகிர்தராணி எழுந்து நின்றாள். அந்தக் கைதட்டலிலும் பெரிய பங்கு மேடைக்குத்தான் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தப்பை ஒத்துக்கொள்வதில்கூட இவள் முந்திக்கொண்டாளே என்று நெஞ்சு எரிந்தது. பக்கத்தில் இருந்தவர் கை குலுக்கினார்.

திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வேனில் இருவரும் பின் சீட்டில் இருந்தார்கள். ஷார்ஜா ரோட்டில் வழக்கம்போல டிராஃபிக், வண்டி நகரவில்லை. அஜிஷா இன்னொரு தடவை நன்றி சொன்னாள். அதற்கு மேல் சுகிர்தராணியால் தாங்க முடியவில்லை.

“அன்னைக்குக் காலைல பாக்கல்ல பிள்ளை” என்றாள். “அந்தாளு வாறதுக்கு பதினெட்டு நாளு முன்னாலயே பாத்தாச்சு.”

அஜிஷா திரும்பி அவளைப் பார்த்தாள்.

“தாளு ஒட்டும்போ தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல்ல?”

“நீ மேடையில மாட்டணும்னு இருந்தேன்.”

இறங்கும் இடம் வந்ததும் அஜிஷா பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

அடுத்த மாதம் மாநாட்டுத் தொகுப்பு அச்சுக்குப் போவதற்கு முன் திருத்தம் பார்க்கும் பிரதி வந்தது. நன்றி சொல்லும் பத்தியில் சுகிர்தராணியின் பெயர் அப்படியே இருந்தது. அவள் அஜிஷாவைத் தேடிப்போய் அதை எடுத்துவிடச் சொன்னாள்.

“அது இருக்கட்டு” என்றாள் அஜிஷா, மருந்து டிரேயை அடுக்கிக்கொண்டே. “தேடிக் கண்டுபிடிச்சது நீங்கதான். அத மாத்தி எழுதுனா அதுவும் பொய்யாப் போவும்.”

குரலில் கோபம் இல்லை. அக்கா என்ற வார்த்தையும் இல்லை. அன்றிலிருந்து டூட்டி விஷயம் தவிர வேறு எதையும் அவள் சுகிர்தராணியிடம் பேசவில்லை. சோலையப்பனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சுகிர்தராணி ஒரு தடவை முவைலா வரைக்கும் போனாள். அவர் லீவில் ஊருக்குப் போய்விட்டதாகக் கேம்பில் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் அஜிஷா இரண்டாவது கட்டுரை எழுதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு ஆதாரத்தின் மூலத்தையும் தேடி எடுத்து ஃபைல் போட்டிருந்தாள். அதை ஒத்துப் பார்க்கும் வேலையை ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்த பெனோவிடம் கொடுத்தாள். கான்டீன் மேசையில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு பெனோ ஒவ்வொன்றாகப் பென்சிலில் குறித்துக்கொண்டிருந்தான். தட்டோடு அந்தப் பக்கம் வந்த சுகிர்தராணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் வருஷத்தை மட்டும்தான் பார்க்கிறான், தொகுதி எண்ணைப் பார்க்கவில்லை. என்னிடம் கொடுத்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன் என்று நினைத்தபோது, அவளுக்கு அவன் மேல் அப்படியொரு பொறாமை வந்தது.